கீழே இழுத்த மூச்சு

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரொன்றில், மாணவர்களும் கடல் தொழில் செய்வோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, கடலுக்குப் போகும் அண்ணன் தம்பிகளே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் ஒன் இயற்பியலில் வாயுக்களைப் பற்றிப் படிக்கிறோம். வெப்பநிலை மாறாதிருந்தால் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கி வரும் எண் மாறாது என்பது பாயில் விதி. தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். வேறு ஊர்ப் பிள்ளைகள் மறந்தால் மதிப்பெண்ணோடு போயிற்று. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பாம்பனிலும் பிறந்த பிள்ளை மறக்கக் கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர் சங்கு குளிக்கப் போகிறார், இன்னொருவர் பாசி எடுக்கப் போகிறார். இந்த விதி அவர்கள் நெஞ்சுக்குள் நடக்கிறது.

முதலில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த அரங்கிலுள்ள காற்றின் மூலக்கூறுகள் சும்மா மிதந்துகொண்டிருக்கவில்லை. 30 டிகிரி வெப்பநிலையில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு ஏறத்தாழ வினாடிக்கு 520 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடிச் சுவரில் மோதித் திரும்புகிறது. எண்ண முடியாத அந்த மோதல்கள் எல்லாம் சேர்ந்ததைத்தான் அழுத்தம் என்கிறோம். 1738-லேயே டேனியல் பெர்னூலி இப்படித்தான் விளக்கினார். இடத்தைப் பாதியாகக் குறுக்கினால் மோதல் இரண்டு மடங்காகும். வெப்பத்தை ஏற்றினால் ஓட்டம் கூடும், மோதலும் கூடும். மூலக்கூறுகளுக்குத் தனியே அளவில்லை, ஒன்றையொன்று இழுப்பதுமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதிய கணக்கே நல்லியல்பு வாயுச் சமன்பாடு. நாம் சுவாசிக்கும் காற்று அதற்கு மிக நெருக்கமாகவே நடந்துகொள்கிறது.

இனி கடலுக்கு வருவோம். 1662-ல் ராபர்ட் பாயில் தன் விதியை வெளியிட்டபோது, ஜே வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றிப் பார்த்திருந்தார். குழாயின் மூடிய முனையில் சிக்கிய காற்றின் மேல் சுமார் 76 சென்டிமீட்டர் பாதரசம் கூடுதலாக நின்றபோது அந்தக் காற்று பாதியாகச் சுருங்கியது. அதே வேலையை நம் கடலில் 10 மீட்டர் தண்ணீர் செய்கிறது. 10 மீட்டர் என்றால், கடல்காரர்கள் ஆழத்தை அளக்கும் கணக்கில், ஏறக்குறைய 5½ பாகம். மேற்பரப்பில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். 10 மீட்டரில் அது இரண்டு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு.

இதில் ஒன்றை உற்றுக் கவனியுங்கள். 20-லிருந்து 30 மீட்டருக்கு இறங்கும்போது அழுத்தம் மூன்றிலிருந்து நான்காகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மேற்பரப்பிலிருந்து முதல் 10 மீட்டரிலோ முழுசாக இரண்டு மடங்காகிவிடுகிறது. வாயு மிகப் பெரிய மாற்றத்தைக் காண்பது ஆழம் குறைந்த தண்ணீரில்தான். ஆழமில்லாத இடம், ஆபத்தில்லை என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு அனுமதிப்பதில்லை.

மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் அக்காமார்கள் மேலே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நெஞ்சில் 5 லிட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.4 மடங்கு, காற்று சுமார் 3.6 லிட்டராகச் சுருங்குகிறது. பாசியோடு மேலே வந்ததும் அதே 5 லிட்டருக்குத் திரும்புகிறது. உடம்பு எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே வைத்திருப்பதால் வெப்பநிலை மாறவில்லை, பாயில் சொன்னது அப்படியே பலிக்கிறது. மேலே இழுத்த மூச்சு மேலே வரும்போது தன் பழைய அளவைத் தாண்டாது. அதனால் அவர்கள் நுரையீரல் கிழியாது. மூச்சை மிக நீண்ட நேரம் அடக்கினால் தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும் என்பது வேறு ஆபத்து, அதுவும் உயிரைப் பறிப்பதே.

மேலே படகிலிருந்து காற்றை அனுப்பும் கம்ப்ரஸர் ஹோஸிலோ சிலிண்டரிலோ மூச்சு வாங்குபவரின் கதை முற்றிலும் வேறு. 10 மீட்டரில் அவர் இழுக்கும் காற்று இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் வருகிறது. அந்த அழுத்தத்தில் வந்தால்தான் தண்ணீரின் பாரத்தை எதிர்த்து நெஞ்சு விரியும். அங்கே 5 லிட்டர் இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நெஞ்சில் அத்தனை இடமில்லை. மிக மெல்லிய காற்றறைகள் கிழியும், காற்று ரத்தத்தில் ஏறும், மூளைக்கும் போகும். நுரையீரல் நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டரிலிருந்து எழுந்தாலே இது நேரலாம். மேலே வந்த சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார்.

தம்பிமார்களே, கெஞ்சிக் கேட்கிறேன். ஹோஸ் அறுந்தாலும், மோட்டார் நின்றாலும், பயந்து எழும்போதும் மூச்சை அடக்காதீர்கள். வாய் திறந்து காற்றை விட்டுக்கொண்டே வாருங்கள். பாசி எடுக்கப் போய்ச் சிறு வயதிலேயே அடக்கிப் பழகிய உடம்புக்கு இது எதிரான பழக்கம், எனக்குத் தெரியும். அதனால்தான் ஆழமில்லாத இடத்திலேயே பழகிப் பழகி உடம்பில் ஏற்ற வேண்டும்.

சிலிண்டரில் இதே சமன்பாட்டின் இன்னொரு முகம் தெரிகிறது. அங்கே பருமன் மாறாது, வெப்பநிலை ஏறினால் அழுத்தம் ஏறியே தீர வேண்டும். ஆனால் கணக்கை டிகிரியோடு 273-ஐக் கூட்டி வரும் கெல்வினில் போட வேண்டும். 30 டிகிரி என்பது 303 கெல்வின், 60 டிகிரி என்பது 333. வெயிலில் கிடந்து 30-லிருந்து 60-க்குப் போன சிலிண்டரில் 200 என்றிருந்த அழுத்தம் 220-ஐ நெருங்கும். காற்றை வேகமாக அடைக்கும்போதும் சிலிண்டர் சுடும். அந்தச் சூட்டோடு 200 காட்டியது கடலில் குளிர்ந்ததும் குறைந்துபோகும், மூச்சுக்காற்று குறைந்துவிட்டதென்று ஆள் பதறுவார். இன்னொன்று, எல்லாரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறோம், உள்ளே இருப்பது சாதாரணக் காற்று. தூய ஆக்சிஜனை ஆழத்தில் சுவாசித்தால் வலிப்பு வரலாம். 1878-ல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் போல் பெர்ட் இதை எழுதினார்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தம் கூடக் கூட அது ரத்தத்திலும் தசையிலும் அதிகமாகக் கரைகிறது. விறுவிறுவென மேலே வந்தால் குமிழியாக வெளிவருகிறது. இதையும் முதலில் கண்டவர் பாயில்தான். காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் வைத்த ஒரு விரியன் பாம்பின் கண்ணில் குமிழி ஒன்று அங்குமிங்கும் நகர்வதைப் பார்த்து 1670-ல் பதிவு செய்தார். 1908-ல் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறும் அட்டவணைகளை வகுத்தார். இன்று பொதுவாகச் சொல்லப்படும் வழக்கம்: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

கடலிலிருந்து வந்தவருக்கு இந்தக் குமிழிகள் தரும் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மார்வலி என்றால் எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். வலி போகட்டும் என்று மறுபடி கடலில் இறக்கவும் கூடாது. அழுத்தினால் குமிழி சுருங்கும் என்பது உண்மை. மருத்துவ அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்து, மணிக்கணக்கில், அழுத்தத்தை அளந்து அளந்து குறைக்கிறார்கள். கடலில் அதைச் செய்ய யாராலும் முடியாது. ஆளை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஆக்சிஜன் கிடைத்தால் உடனே கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் டாக்டரிடம் இவர் தண்ணீருக்குள் காற்று வாங்கியவர் என்பதையும், எத்தனை பாகம் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார், எப்போது மேலே வந்தார் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.