எத்தனை மீட்டர் துணி?

வணக்கம் நேயர்களே. ஒரு கலைஞரின் ஸ்டுடியோவில் பத்திரிகைத் தொடர்பு பார்ப்பவள் நான். இதைச் சொன்னதும் பலர், "ஓ, அவரைப் புகழ்ந்து எழுதிக் கொடுக்கும் வேலையா?" என்பார்கள். புகழ்வதற்கு ஆள் நிறைய உண்டு: கேலரிக்காரர்கள், கண்காட்சி மலரில் எழுதுபவர்கள். எங்கள் பாடு வேறு. படைப்பின் பெயர், ஆண்டு, எதனால் செய்தது, நீள அகலம், படம் எடுத்தவர் பெயர், இதெல்லாம் பிசகாமல் அச்சேற வேண்டும். இரவு பத்து மணிக்குப் பக்கத்தை முடிக்கத் தவிக்கும் உதவி ஆசிரியர் போன் செய்து கேட்பது, "மேடம், ஃபோட்டோவுக்குக் கீழே யார் பெயர் போட வேண்டும்?" என்றுதான். கலையின் உட்பொருளை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் யார் என்றால் நான் கைகாட்டுவது கிறிஸ்டோ, ழான்-கிளோத் என்ற கலைஞர் தம்பதியைத்தான். கிறிஸ்டோ பல்கேரியாவிலும் அவர் மனைவி ழான்-கிளோத் மொராக்கோவிலும் ஒரே நாளில், 1935 ஜூன் 13 அன்று, பிறந்தவர்கள். கட்டடங்களையும் பாலங்களையும் துணியால் போர்த்தி, சில நாளில் பிரித்துவிடுவார்கள். எதற்காக என்று கேட்டால், எந்தப் பயனும் கிடையாது, அழகுக்காக, எங்கள் சந்தோஷத்துக்காக என்பார்கள். அத்தோடு சரி. ஆனால் எத்தனை மீட்டர் துணி என்று கேட்டுப் பாருங்கள்!

1995இல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாகைப் போர்த்தினார்கள். ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி, 15.6 கிலோமீட்டர் கயிறு, மலையேற்றத்தில் தேர்ந்த 90 பேர். அனுமதிக்காக அலைந்த காலம் 24 ஆண்டுகள். 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றமே விவாதித்து வாக்கெடுத்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. இரண்டே வாரம்தான் அது நின்றது. பார்க்க வந்தவர்கள் ஐம்பது லட்சம் பேர். இப்படிக் கையில் எண்ணைக் கொடுத்துவிட்டால் நிருபர் அதை அப்படியே எழுதுவார். உட்பொருளைக் கொடுத்தால் வாதம் செய்வார். கெட்டிக்காரத்தனமான வழிதான். அதில் ஒரு குறையும் இருக்கிறது என்பேன். கயிற்றின் நீளம் நினைவிருக்கும் பலருக்கு, அந்த வெள்ளித் துணியின் மடிப்புகள் வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறியது நினைவிருக்காது.

துணிக்கு அடுத்த கேள்வி எப்போதும் பணம். "யார் வீட்டுப் பணம்?" 2005இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 7,503 வாயில்களை நிறுத்திக் காவித் துணி தொங்கவிட்டார்கள். செலவு 2 கோடியே 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். வரிப்பணம் இல்லை, ஸ்பான்சர் இல்லை. முன்கூட்டி வரைந்த ஓவியங்களையும் மாதிரிகளையும் விற்று வந்த பணம். அந்தக் கணக்கை நம்பாமல் கூட்டிக் கழித்துப் பார்த்த பத்திரிகையாளர்களும் உண்டு. ஆனாலும் எந்த ஊர், எந்த நிருபர் என்றாலும் பதில் மாறவே இல்லை. ஒரே பதிலை நூறாவது தடவையும் சலிக்காமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ழான்-கிளோத் இன்னும் ஒரு படி மேலே போனார். பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளைத் தொகுத்தே வெளியிட்டார். 'பொட்டலம் கட்டும் கலைஞர்கள்' என்று எழுதுவது அவருக்கு ஆகாது. 1983இல் மயாமி அருகே 11 தீவுகளை மூடினார்கள் என்று எழுதுவதும் தவறு; தீவுகளை அவர்கள் மூடவில்லை. சுற்றிலும் தண்ணீரில்தான் இளஞ்சிவப்புத் துணியை மிதக்கவிட்டார்கள். அப்புறம் பெயர் விவகாரம். 1994 வரை எல்லாம் 'கிறிஸ்டோ' என்ற ஒற்றைப் பெயரில் இருந்தது. அந்த ஆண்டு, திறந்தவெளிப் பெரும் படைப்புகள் எல்லாம், பழையவை உட்பட, இருவர் பெயரிலும் வர வேண்டும் என்று அறிவித்தார்கள். வரைபடங்களோ கிறிஸ்டோ மட்டுமே வரைந்தவை. ஆக, போர்த்திய ரைக்ஸ்டாகின் படத்துக்குக் கீழே இரண்டு பெயர். அதே ரைக்ஸ்டாகுக்காக வரைந்த ஓவியத்துக்குக் கீழே ஒரே பெயர். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், பக்கம் வடிவமைப்பவர் நிச்சயம் குழம்பிப்போவார். பக்கம் அச்சுக்குப் போகும் முன் அவருக்கு இன்னொரு தடவை போன் போடுவதுதான் என் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம்.

படத்தின் உரிமையும் சாதாரண விஷயமில்லை. அவர்களுடைய படைப்புகளைப் பல ஆண்டுகள் படமெடுத்தவர் வுல்ஃப்காங் வோல்ட்ஸ். ரைக்ஸ்டாக் படத்தை அனுமதியில்லாமல் அஞ்சலட்டையாக விற்றதால் ஒரு வழக்கு நடந்தது. பொது இடத்தில் நிலையாக இருக்கும் படைப்பை யாரும் படமெடுத்து விற்கலாம் என்பது ஜெர்மன் சட்டம். இது இரண்டு வாரத்துக்கு மட்டும் வைத்தது, நிலையானது அல்ல, ஆகவே அனுமதி வேண்டும் என்று 2002இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல நாள் மட்டும் வருவதில்லை. 1991இல் ஜப்பானில் 1,340 நீலக் குடைகளையும் கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் நட்டார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரம், சுமார் 200 கிலோ எடை. அக்டோபர் 26 அன்று கலிபோர்னியாவில் பலத்த காற்றில் ஒரு குடை பெயர்ந்து, பார்க்க வந்த பெண் ஒருவர் இறந்தார். கிறிஸ்டோ இரண்டு நாடுகளிலும் குடைகளை உடனே மூடச் சொன்னார். பிரிக்கும் வேலையின்போது ஜப்பானில் மின்சாரம் தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். இப்படிப்பட்ட நாளில் செய்தித் தொடர்பாளர் சொல்லக்கூடிய உருப்படியான வாக்கியம் 'மூடிவிட்டோம்' என்பது ஒன்றுதான். அதைச் சொல்ல, கலைஞர் முதலில் மூடியிருக்க வேண்டும். வார்த்தையை எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது.

ழான்-கிளோத் 2009இல் காலமானார். கிறிஸ்டோ 2020 மே 31இல். அதன் பிறகும் 2021 செப்டம்பரில் பாரிஸின் வெற்றி வளைவு போர்த்தப்பட்டது: 25,000 சதுர மீட்டர் துணி, 3,000 மீட்டர் சிவப்புக் கயிறு. கிறிஸ்டோவின் சகோதரரின் மகன் தலைமையில் வேலை நடந்தது. பணமும் பழையபடி ஓவியங்களை விற்று வந்ததுதான். கலைஞரே இல்லாதபோது, அவர் என்ன நினைத்தார் என்று கேட்பவர்களுக்கு ஸ்டுடியோக்காரர்கள் ஊகத்தில் பதில் சொல்ல முடியாது. அவர் விட்டுப்போன வரைபடங்களைத்தான் எடுத்துக் காட்ட முடியும்.

இன்னொரு திட்டம் பாக்கி இருக்கிறது. அபுதாபி பாலைவனத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி 150 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடை. 1977இலிருந்து பேச்சு நடக்கிறது, இன்னும் கட்டப்படவில்லை. நிருபர்கள் கேட்டால் பீப்பாய்க் கணக்கு மட்டும் தயாராக இருக்கிறது: 4,10,000.

நன்றி, வணக்கம்.