ஃபிங்கர்ஸ்டைலுக்கு கிட்டார் வாங்கப் போறீங்களா? முதல்ல நட்டை அளங்க

வணக்கம் மக்களே. ஃபிங்கர்ஸ்டைல்னா பிக்குங்கற சின்னத் தகடு இல்லாம, விரலாலயே ஸ்ட்ரிங்கை மீட்டி வாசிக்கிறது. இன்னைக்கு என் மடியில ரெண்டு கிட்டார் மாறி மாறி வரப்போகுது. இது ட்ரெட்நாட். எங்க பார்த்தாலும் கண்ணுல படுற பெரிய உடம்பு. இன்னொண்ணு ஓஎம், இடுப்பு ஒடுங்கின சின்ன உடம்பு. ரெண்டுலயும் ஒரே நாலு பார், ரொம்ப மெதுவா வாசிக்கிறேன், கேளுங்க.

கேட்டீங்களா? ட்ரெட்நாட்ல கட்டைவிரல் போடுற பேஸ், மேல ஓடுற மெலடியை முழுங்கிடுது. ஓஎம்ல ரெண்டும் தனித்தனியா நிக்குது. சின்ன உடம்புக்குள்ள காத்து கம்மி, அதனால பேஸ் அடங்கி வரும். டாப்பும், அதாவது முன்பலகையும், சின்னது, லேசா தொட்டாலே பேச ஆரம்பிச்சிடும். பிக் வச்சு ஓங்கி ஸ்ட்ரம் பண்றவங்களுக்கு ட்ரெட்நாட்தான், அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனா கடையில நாம என்ன பண்றோம்? ஒரு ஜி கார்டு பிடிச்சு ஒரே ஸ்ட்ரம். சத்தம் நிறைஞ்சு வந்துச்சுன்னா பணத்தைக் கொடுத்துடறோம். என் முதல் கிட்டாரும் அப்படி வாங்கினதுதான். அதோட நட், அதாவது கழுத்தோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்னக் கட்டை, 43 மில்லிமீட்டர் அகலம். ஒரு விரல் வச்சா பக்கத்து ஸ்ட்ரிங்ல பட்டு நோட் செத்துடும். விரல்லதான் குறைன்னு நினைச்சு ஒரு வருஷம் அதே பயிற்சியைப் பண்ணினேன், மணிக்கட்டு வலிதான் மிச்சம். அப்புறம் நண்பர் ஒருத்தரோட 44.5 மில்லிமீட்டர் நட் கிட்டாரை எடுத்தேன். அன்னைக்கு சாயந்திரமே அந்தப் பாட்டு சுத்தமா வந்துச்சு. ஒண்ணரை மில்லிமீட்டர்தாங்க வித்தியாசம்! அஞ்சு இடைவெளிக்குப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் 0.3. அந்த 0.3-க்குத்தான் நான் ஒரு வருஷம் கஷ்டப்பட்டேன்.

அதனால சொல்றேன், அளக்கற ஸ்கேல் ஒண்ணு கையோட எடுத்துட்டுப் போங்க. ஆக்ஷன், அதாவது கழுத்துல குறுக்கே பதிச்ச ஃப்ரெட் கம்பிக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம், அதிகமா இருந்தா பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்கைத் தாங்குற சேடிலைத் தேய்ச்சு இறக்கிக்கலாம், ஸ்ட்ரிங் பிடிக்கலன்னா 12-க்குப் பதிலா இன்னும் மெல்லிசான 11 செட் போட்டுக்கலாம். கழுத்தோட அகலத்தை மட்டும் பின்னாடி யாராலயும் மாத்த முடியாது. பிரிட்ஜ் பக்கமும் பாருங்க, வலது கை வாழுற இடம் அதுதானே. முதல் ஸ்ட்ரிங்ல இருந்து ஆறாவது வரைக்கும் 57 மில்லிமீட்டர் கிட்ட இருந்தா விரலுக்கு மூச்சு விட இடம் இருக்கும்.

ஓஎம்னா ஆர்க்கெஸ்ட்ரா மாடல். 1929-ல பெர்ரி பெக்டெல்ங்கற பான்ஜோ கலைஞர் கேட்டதுக்காக மார்ட்டின் கம்பெனி 14 ஃப்ரெட்டும் உடம்புக்கு வெளிய வர்ற மாதிரி செஞ்சு கொடுத்ததுல தொடங்குது இந்த மாடல். மார்ட்டின்ல இப்ப வர்ற 14 ஃப்ரெட் ட்ரிபிள் ஓ (000) மாடலுக்கும் உடம்பு இதேதான், ஆனா ஸ்ட்ரிங் நீளம் பொதுவா 24.9 இன்ச். ஓஎம்ல 25.4. இந்த அரை இன்ச்சை லேசா நினைக்காதீங்க. நீளம் குறைஞ்சா இழுவிசை குறையும், விரலை விரிச்சுப் பிடிக்கிறது சுலபம். டிஏடிஜிஏடி (D-A-D-G-A-D) மாதிரி சில ஸ்ட்ரிங்கை இறக்கின டியூனிங் வாசிக்கிறவங்க மட்டும் நீளமானதை எடுங்க, குட்டையில ஸ்ட்ரிங் தொளதொளன்னு ஆயிடும்.

எனக்கு மனசுக்குப் பிடிச்சது 12 ஃப்ரெட் மட்டும் உடம்புக்கு வெளிய வர்ற டபுள் ஓ (00), ஓஎம்மை விடச் சின்ன உடம்பு. பிரிட்ஜ் உடம்போட கீழ்ப்பக்க அகலமான பகுதியோட நடுவை நோக்கி நகர்ந்துடறதால சத்தம் உருண்டையா, கதகதப்பா வரும். மேல் ஃப்ரெட்டுக்குக் கை போறது கஷ்டம்தான். நான் அங்க அதிகம் போறதில்ல.

டாப் சாலிட்டா, அதாவது ஒட்டுப்பலகை இல்லாத முழு மரமா இருக்கட்டும், பின்பலகை லாமினேட்டா, அதாவது ஒட்டுப்பலகையா இருந்தாலும் பரவாயில்லை. டாப்புக்கு மரம்னா, மென்மையா வாசிக்கிறவங்களுக்கு சீடர், சில சமயம் அழுத்தியும் வாசிப்பீங்கன்னா ஸ்ப்ரூஸ்.

கடையில ஸ்ட்ரம் பண்ணாதீங்க. நல்லா தெரிஞ்ச ஒரு பாட்டை, ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கறப்ப வாசிக்கிற சத்தத்துல, இருபது நிமிஷம் உக்காந்து வாசிங்க. அப்புறம் வேற யாரையாவது வாசிக்கச் சொல்லி எதிர்ல நின்னு கேளுங்க.

சரி, அந்த டபுள் ஓவை எடுக்கறேன். ஹெட்போன் இருந்தா போட்டுக்கோங்க, ரொம்ப மெதுவாத்தான் வாசிக்கப் போறேன்.