டொபியை விட கிராக்கர் மோசமா? பிள்ளையின் பல்லும் எங்கள் வீட்டு யன்னல் கம்பியும்

[காட்சி: வெள்ளைப் பீங்கான். அதில் ஒரு டொபி, ஒரு பேரீச்சம்பழம், ஒரு கிராக்கர் பிஸ்கட், ஒரு தேங்காய்ச் சொட்டு.]

வணக்கம், இலங்கையின் திருகோணமலையில் இருந்து. இந்த நாலில் எது பிள்ளையின் கடைவாயில் கூடுதல் நேரம் குந்திக்கொண்டிருக்கும்? வீடியோவை நிறுத்திவிட்டுக் கீழே எழுதுங்கள். டொபி என்று எழுதப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள்.

இந்தா, கிராக்கரை நானே சாப்பிடுகிறேன். [மெல்லும் சத்தம்] விழுங்கியாயிற்று. இப்போது கண்ணாடி. பாருங்கள், கடைவாய்ப் பல்லின் குழிக்குள் வெள்ளைக் கூழ் அப்பியிருக்கிறது. நாக்கால் தோண்டுகிறேன், அசையவில்லை. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் மன்னிக்கவும்.

வாய்க்கு ஒட்டுகிற மாதிரித் தெரிவது வேறு, உண்மையில் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு. ஆய்வுகளில் அளந்து பார்த்தபோது, கரமல் போன்ற இனிப்புகள் எச்சிலில் கரைந்து சீக்கிரம் போய்விட்டன. கிராக்கர், சிப்ஸ் போன்ற மாவுப் பண்டங்கள்தான் போகாமல் நின்றன. நின்றதோடு விட்டால் பரவாயில்லை. எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதியம் அந்த மாவையே சீனியாக உடைக்கத் தொடங்கிவிடும். உப்புப் பிஸ்கட்தானே என்று கொடுத்தது உள்ளே போய் இனிப்பாகிறது. இதற்காக டொபிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அதன் கதை பின்னால் வருகிறது.

பாடப்புத்தகப் பகுதியை ஓட்டமாக முடிக்கிறேன். வாயில் இருக்கும் பக்டீரியா சீனியைத் தின்று அமிலம் விடும், பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம்) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளி ஓடான எனாமலில் இருந்து கல்சியம் கரையும், எச்சில் அதைத் திரும்பச் சமன்படுத்த அரை மணி நேரமாவது எடுக்கும். அவ்வளவுதான்.

அந்த அரை மணி நேரத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வாருங்கள், எங்கள் யன்னலைக் காட்டுகிறேன்.

[காட்சி: துருப்பிடித்த யன்னல் கம்பி, விரல் வைத்தால் செதில் உதிர்கிறது.]

எங்கள் வீடு டச்பே கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. இந்தக் கம்பிக்கு மூன்று வருடத்துக்கு முன்தான் பெயின்ட் அடித்தோம். கடல் அலை ஒருநாளும் இந்த யன்னலில் வந்து அடித்ததில்லை. துருவைக் கொண்டுவந்தது காற்றோடு வரும் உப்பு ஈரம். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், இரவு கொஞ்சம் என்று கம்பிக்கு உலர நேரமே கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஐயா வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கம்பியைக் கழுவித் துடைப்பார். முன்பெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவருடைய கம்பி இன்னும் பச்சையாக இருக்கிறது.

பல்லும் இதேதான். பிள்ளை ஒரே தடவையில் ஒரு கிண்ணம் பாயாசம் குடித்தால் அது ஒரு பெரிய அலை, வந்து போய்விடும். கையில் ஒரு கிண்ணம் பிஸ்கட்டோடு ஒரு மணி நேரம் கார்ட்டூன் பார்ப்பது கடற்காற்று. ஊருக்குள் திரியும் புள்ளிமான்கள் நாள் முழுக்க அசைபோடுகின்றன, அது மானுக்குத் தொழில். நம் பிள்ளைக்கு அப்படி இல்லையே.

சரி, ஊருக்கு உபதேசம் செய்யும் முன் என் வீட்டுக் கணக்கு. மகளுக்கு நாலு வயது. ஒருநாள் முழுக்க, சாப்பாடு தவிர, வாயில் இனிப்போ மாவோ போன ஒவ்வொரு தடவையும் குசினிக் கதவில் தொங்கும் கலண்டரில் ஒரு கோடு போட்டேன். விடிய சீனி போட்ட பால். முன்பள்ளியில் பிஸ்கட். வரும்போது ஓட்டோ அண்ணா அன்பாகக் கொடுத்த டொபி. பின்னேரம் கடை யோகட். நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு ரஸ்க். அப்புறம் அம்மம்மா கையில் திணித்த பேரீச்சம்பழம், "சத்துத்தானே பிள்ளை" என்று. கார்ட்டூன், கிராக்கர். படுக்கும்போது திரும்பப் பால். எட்டுக் கோடு! தடவைக்கு அரை மணி நேரம் என்றாலும் நாலு மணி நேரம் பல் அமிலத்தில் ஊறியிருக்கிறது. இதில் பாதி, நாங்களே ஆரோக்கியம் என்று கொடுத்தது.

இப்போது டொபிக் கதை. இது சந்தோஷமான கதை இல்லை. சுவீடனில் லுண்ட் நகரத்து விப்பெஹோல்ம் மருத்துவமனையில் 1945இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு, அவர்களிடம் சம்மதம் கேட்காமலே, சிலருக்குச் சாப்பாட்டோடு சீனியும், வேறு சிலருக்குச் சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டொபியும் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சீனி எடுத்தவர்களுக்குப் பெரிதாகப் பற்சிதைவு கூடவில்லை. இடையிடையே டொபி தின்றவர்களின் பற்கள் நாசமாயின. இன்றைக்கு இப்படி ஒன்றைச் செய்தால் செய்தவர்களைத்தான் அடைத்து வைப்பார்கள், அதுவே சரியும்கூட. ஆனால் அதன் பிறகு சுவீடன்காரர் பிடித்துக்கொண்ட ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: பிள்ளைகளுக்கு இனிப்பு வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை. "சனிக்கிழமை மிட்டாய்" என்று பொருள்படும் சொல்லே அந்த மொழியில் உண்டு! நாங்கள் வெள்ளிக்கிழமையாக்கிக்கொண்டோம். கோயிலில் சர்க்கரைப் பொங்கல் எப்படியும் கிடைக்கும்.

அப்போ இடையில் பசித்தால்? சின்ன வயிறு, பசிக்கத்தான் செய்யும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரண்டு தடவை போதும். அவித்த முட்டை, கொய்யா, வெள்ளரிக்காய், எருமைத் தயிர். தயிருக்குப் பாணி வேண்டும் என்று அழுதால் அதை மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். பேரீச்சம்பழத்தையும் அப்படியே, சாப்பாட்டோடு கொடுத்து மேலே தண்ணீர். இரும்புச்சத்துக்காகக் கொடுப்பவர்கள் அதை நிறுத்தத் தேவையில்லை, கையில் வைத்துக்கொண்டு விளையாட விடாமல் இருந்தால் சரி. தேங்காய்ச் சொட்டைச் சின்னவர்களுக்குத் துருவிக் கொடுங்கள். கம்பியில் வந்தால்தான் துரு கெட்டது, தேங்காயில் நல்லது. முழுக் கச்சான் மட்டும் ஐந்து வயதுக்குள் வேண்டாம், புரைக்கேறினால் ஆபத்து. பழத்தைப் பழமாகவே கொடுங்கள், ஜூஸ் அடித்தால் உள்ளே கட்டுண்டிருந்த சீனி வெளியே வந்துவிடும்.

இந்தக் குளிர்பானப் போத்தலைப் பாருங்கள். 2016இல் இருந்து நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2க்குக் குறைவென்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். இது செம்மஞ்சள், பரவாயில்லை என்று தோன்றும். பின்பக்கம் 10 கிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு தம்ளர், 200 மில்லி குடித்தால் 20 கிராம், ஐந்து தேக்கரண்டிச் சீனி. தேத்தண்ணிக்கு ஐந்து கரண்டி போடுகிற ஆளை வீட்டில் சும்மா விடுவோமா?

கடைசியாக ஒன்று. பல்லு முளைத்தால் நாங்கள் என்ன செய்கிறோம்? பயறும் சர்க்கரையும் வைத்துக் கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி, பிள்ளையின் தலையில் கொட்டுகிறோம். புத்தகம், பேனை, நகை எல்லாம் முன்னால் பரப்புவோம். அந்தத் தட்டில் ஒரு பிரஷும் வையுங்கள். முதல் பல்லில் இருந்தே துலக்கத் தொடங்க வேண்டும். மூன்று வயதுவரை அரிசியளவு புளோரைட் பற்பசை, அதன் பின் பட்டாணியளவு, நாளுக்கு இரண்டு தடவை. துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். இரவுத் துலக்கலுக்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். ஆறு வயதில் பின்னால் முளைப்பது பால்பல் இல்லை, நிரந்தரப் பல். கேள்வி இருந்தால் குடும்ப நல மாதுவிடமோ பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலோ கேளுங்கள்.

இதையெல்லாம் அம்மம்மாவுக்கும் சொன்னேன். யன்னல் கதை அவவுக்கு நன்றாகப் பிடித்தது. "ஓம் ஓம், இனி ஒன்றும் கொடுக்க மாட்டேன்" என்று கிராக்கர் தகரத்தைத் தானே எடுத்து அலுமாரி மேல் வைத்தா. நேற்று இந்த வீடியோவுக்காக அதை இறக்கினேன்.

[காட்சி: திறந்த தகரம். அடியில் இரண்டே இரண்டு கிராக்கர்.]