கொர்பியேர் மலைக்கோட்டைகள்: ஏறுவதற்கு முன் கொஞ்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் தென்கோடியில், மத்தியதரைக் கடலுக்கு மேற்கே, பைரனீஸ் மலைத்தொடருக்குச் சற்று வடக்கே, கொர்பியேர் என்றொரு மலைப்பகுதி இருக்கிறது. பெரிய நகரம் எதுவும் கிடையாது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள், பள்ளத்தாக்கெல்லாம் திராட்சைத் தோட்டம், தோட்டம் முடிகிற இடத்தில் தைமும் ரோஸ்மேரியும் மண்டிய புதர்க்காடு. வளைந்து வளைந்து போகும் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு போனால் திடீரென்று எதிரே ஒரு மொட்டைப் பாறை நிற்கும். அதன் உச்சியில் ஒரு கோட்டை. பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரமாகும். மலையில் வெட்டிய கல்லை மலைமேலேயே அடுக்கியிருப்பதால் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இந்தக் கோட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு. சாலையோரப் பலகைகளும் கடைகளில் விற்கும் புத்தகங்களும் இவற்றை 'கதார் கோட்டைகள்' என்று அறிமுகப்படுத்தும். காதில் ஒன்றுபோல விழுந்தாலும் வளைகுடா நாட்டுக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கதார்கள் என்பவர்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பக்கம் வாழ்ந்த ஒரு கிறித்துவப் பிரிவினர். கண்ணால் காணும் இந்த உலகம் தீய சக்தி படைத்தது, ஆன்மா மட்டுமே நல்ல கடவுளுடையது என்று நம்பியவர்கள். அவர்களில் துறவு பூண்டவர்கள் இறைச்சி உண்ண மாட்டார்கள், சத்தியம் செய்ய மாட்டார்கள், பெண்களும் துறவியாகலாம். ரோமாபுரித் திருச்சபைக்கு இது பொறுக்கவில்லை. போப் மூன்றாம் இன்னசென்ட் சிலுவைப்போர் அறிவித்தார். 1209-இல் வடக்கேயிருந்து படை இறங்கியது. பெசியே நகரம் சூறையாடப்பட்டது. அடுத்த மாதமே கார்கசோன் பணிந்தது. படைக்குத் தலைமையேற்ற சீமோன் தெ மோன்ஃபோர் அதன்பின் மலைக்கோட்டைகளின் பக்கம் திரும்பினார்.

என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடம் தெர்ம். சுற்றுலாக்காரர்கள் பலர் தவிர்த்துவிடும் கோட்டை அது. உருப்படியான சுவர் அதிகம் மிஞ்சவில்லை என்பதுதான் காரணம். கீழே சிறிய கிராமம், அங்கிருந்து மரநிழலில் ஒற்றையடிப் பாதை. மேலே போனால் சரிந்த மதில்கள், கற்குவியல்கள், நடுவே தேவாலயச் சுவரில் சிலுவை வடிவத்தில் திறந்திருக்கும் ஒரு ஜன்னல். அதன் வழியே எதிர்மலை தெரியும். அந்த ஜன்னலருகே கொஞ்சம் உட்கார்ந்து 1210-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் முற்றுகை தொடங்குகிறது. கோட்டைத் தலைவர் ரேமோன் தெ தெர்ம், வயதானவர், லேசில் பணிகிற ஆளில்லை. கவண்பொறிகள் மாதக்கணக்கில் கல்லெறிந்தும் கோட்டை அசையவில்லை. அசைத்தது தாகம். மலையுச்சியில் ஊற்று இல்லை. மழைநீரைச் சேர்த்துவைக்கும் தொட்டிகள்தான் கதி. அவை வற்றின. திராட்சை மது மட்டும் ஏராளமாக இருந்தது. சில வாரம் அதைக் குடித்தே சமாளித்தார்கள். கடைசியில் ரேமோன் பேச்சுவார்த்தைக்கு இறங்கி, கோட்டையை ஒப்படைக்கச் சம்மதித்தார். அன்றிரவு பார்த்து மழை கொட்டியது. தொட்டிகள் நிரம்பிவிட்டன. காலையில் 'ஒப்படைக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தண்ணீரே வினையானது. கெட்டுப்போன நீரைக் குடித்து வயிற்றுக்கடுப்பு பரவியது. நவம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவு எல்லோரும் இருட்டில் இறங்கி ஓடினார்கள். எதையோ எடுக்க மறந்து திரும்பி வந்த ரேமோன் அகப்பட்டுக்கொண்டார் என்று அக்காலத்துப் பதிவு ஒன்று சொல்கிறது. கார்கசோன் சிறையில்தான் அவர் உயிர் போனது. அவருக்கு ஒலிவியே என்றொரு மகன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தெர்மைப் பார்த்தபின் எந்தக் கோட்டைக்குப் போனாலும் கண் தானாகவே தண்ணீர்த் தொட்டியைத் தேடும். சுவரில் பூசிய நீர்காப்புச் சாந்து, கூரைநீரை வழிநடத்திய கால்வாய்த் தடம், இவையெல்லாம் கோபுரத்தைவிட அதிகம் பேசும். கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்க்காமல் இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்து மோன்செகூர். இது கொர்பியேரில் இல்லை. மேற்கே தள்ளி, ஆரியேழ் மாவட்டத்தில், 1,207 மீட்டர் உயரப் பாறையில் நிற்கிறது. கதார்களின் தலைமையிடம் போல விளங்கிய இடம். 1243 மே மாதம் முற்றுகை தொடங்கியது. மாதங்கள் கடந்தும் பிரெஞ்சு அரச படையால் நெருங்க முடியவில்லை. குளிர்காலத்தில், மலையேறிப் பழகிய சிலர் இரவோடு இரவாகச் செங்குத்துப் பாறையில் ஏறி, கிழக்குக் கோடியிலிருந்த காவலிடத்தைப் பிடித்தார்கள். விடிந்தபின் தாங்கள் ஏறிவந்த வழியைக் கீழே பார்த்துவிட்டு, பகலாக இருந்தால் ஏறியிருக்கவே மாட்டோம் என்று நடுங்கினார்களாம். அந்த முனையைப் பிடித்ததும் கவண்பொறியை மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நாள் எண்ண வேண்டியதுதான். 1244 மார்ச் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு வார அவகாசம். கதார் மத நம்பிக்கையைக் கைவிட்டவர்கள் போகலாம், போர்வீரர்களும் போகலாம். அந்த அவகாசத்தில், உயிரோடு இறங்கிப் போக வழியிருந்தும், இருபது பேர் போல கதார் துறவை ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 16-ஆம் தேதி இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்டார்கள். மலையடிவாரப் புல்வெளியில் இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏறும் பாதை அதை ஒட்டித்தான் போகிறது.

மூச்சுவாங்க ஏறி மேலே போய் 'இதுதான் அவர்கள் வாழ்ந்த கோட்டை' என்று மதிலைத் தொடுகிறோம், இல்லையா? அந்த மதில் அவர்களுடையது அல்ல. 1244-க்குப் பின் அந்த இடத்தைப் பெற்ற லெவி குடும்பத்தார் கட்டியது. கதார்களின் குடியிருப்பைப் பார்க்க வேண்டுமானால் மதிலுக்கு வெளியே, வடக்குச் சரிவில் எட்டிப் பாருங்கள். பாறையை ஒட்டி, படிப்படியாக, ஆளுயரம்கூட இல்லாத அடித்தளச் சுவர்கள் தெரியும். அகழ்வாய்வில் வெளிவந்தவை. ஒருவர் வீட்டுத் தரைக்கும் அடுத்தவர் வீட்டுத் தரைக்கும் இடையே ஒரு மாடி அளவு ஏற்றத்தாழ்வு. அந்த இடுக்கில்தான் நூற்றுக்கணக்கான பேர் முற்றுகைக் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். கீழே கிராமத்து அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த பொருட்கள் இருக்கின்றன. புனிதக் கிண்ணம், புதையல் என்று கடைகளில் விற்கும் கதைகளுக்கு இந்த அடித்தளச் சுவர்களில் ஓர் ஆதாரமும் கிடையாது, அவற்றை விட்டுவிடலாம்.

கொர்பியேரின் பெரிய கோட்டைகளுக்கும் இதே நிலைமைதான். கதார்களோ அவர்களுக்கு ஆதரவான பிரபுக்களோ ஆண்ட இடங்கள் என்பது சரி. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் மதில்களில் பெரும்பகுதி, அவர்களை வென்ற பிரெஞ்சு அரசு எழுப்பியது. ஏன் எழுப்பியது? தெற்கே, இன்றைய ஸ்பெயின் பக்கம், அரகோன் ராஜ்யம். 1258-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியும் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயும் கொர்பெய் ஒப்பந்தத்தில் எல்லையை வகுத்தார்கள். அகிலார், கெரிபூஸ், பேர்பெர்த்தூஸ், புய்லோரான்ஸ், தெர்ம் ஆகிய ஐந்தும் எல்லைக்காவல் கோட்டைகளாயின. 'கார்கசோனின் ஐந்து பிள்ளைகள்' என்று இவற்றைச் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஏறினால் பார்வையே மாறிவிடும்.

பேர்பெர்த்தூஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 மீட்டர் உயரத்தில், முந்நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறை முகட்டின்மேல் படுத்திருக்கும் கோட்டை. பாதை நேரே ஏறாது. நுழைவுச்சீட்டு வாங்கியபின் பாறையின் வடபுறம் சுற்றிக்கொண்டு, பாக்ஸ் மரப்புதர்களுக்கு நடுவே நிழலில் போகும்; கோட்டை தலைக்குமேல் இருந்தும் கண்ணில் படாது. பிறகு குறுகலான வாசல். உள்ளே நுழைந்ததும் கிழக்கு முனை கப்பலின் முன்பகுதியாகக் கூர்ந்து நிற்கும். இது பழைய கோட்டை. இதன் பிரபு 1240-இல் மன்னரிடம் பணிந்துவிட்டார். மேற்கே இன்னும் உயரத்தில் தெரிவது மன்னர் கட்டிய சான் ஜோர்தி என்ற மேல்கோட்டை. அங்கே போக, செங்குத்தான பாறையின் விளிம்பில் வெட்டிய படிக்கட்டு ஒன்று உண்டு. 'புனித லூயியின் படிக்கட்டு' என்று பெயர்; புனித லூயி என்பது அதே ஒன்பதாம் லூயிதான். எண்ணூறு ஆண்டுகளை நெருங்கும் காலடிகள் பட்டு ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும். ஏறுவது சுலபம். இறங்கும்போதுதான் கால் வைக்குமிடமும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வெற்றிடமும் ஒருசேரக் கண்ணில் படும். உட்கார்ந்தபடியே இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புய்லோரான்ஸுக்குப் போனால் வாசலுக்கு முந்திய ஏற்றத்தைக் கவனியுங்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சிறு சுவர்களை வைத்து வழியை மடித்து மடித்துக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் நீங்கள் வேகம் குறைத்துத் திரும்ப வேண்டும். திரும்பும் இடமெல்லாம் மேலே உள்ள அம்புத்துளைகளுக்கு நேர் எதிர். இப்படி ஓர் அமைப்பு இருந்ததால்தான் இவ்வளவு பெரிய கோட்டையை இருபது முப்பது காவலர்களே பார்த்துக்கொள்ள முடிந்தது. மழையிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பது அவர்கள் வேலை. வீரக்கதைக்கு அதில் அதிகம் இடமில்லை.

கெரிபூஸ் 728 மீட்டர் உயரத்தில், ஒற்றைப் பாறையில் நிற்கிறது. உள்ளே இருட்டான படிகளில் ஏறிப் போனால், ஒற்றைத் தூண் தாங்கும் உயர்ந்த கூரையுடன் ஒரு கூடம்; பெரிய ஜன்னல் வழியே வெளிச்சம் அள்ளிக் கொட்டும். மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் ருசியோன் சமவெளி, அதற்கப்பால் 2,784 மீட்டர் உயரக் கனிகூ சிகரம். கதார்களுக்குக் கடைசிப் புகலிடமாக இருந்த இந்தக் கோட்டை 1255-இல் விழுந்தது. விழவைத்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தெர்மில் பிடிபட்டுச் சிறையில் செத்த ரேமோனின் மகன் ஒலிவியே. இளமையில் மன்னரை எதிர்த்துக் கலகம் செய்தவர், பிறகு பணிந்து, லூயியோடு சிலுவைப்போருக்குப் போனவர். கெரிபூஸின் தலைவர் ஷபேர் தெ பார்பைரா ஒருகாலத்தில் அவருடைய சகா. அப்பனைக் கொன்றவர்கள் பக்கம் மகன் நின்றான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்தில் ஒரு சிறு பிரபுவுக்கு நிலமும் பெயரும் மிஞ்ச வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்தால் அவ்வளவு சுலபமில்லை. 1274-இல் புனித பூமியில் இறந்தார்.

1659-இல் பைரனீஸ் ஒப்பந்தம் எல்லையைத் தெற்கே மலைத்தொடருக்கே தள்ளிவிட்டது. ருசியோன் பிரான்சுக்கு வந்தது. கோட்டைகளுக்கு வேலை போயிற்று. தெர்ம் அதற்கும் முன்பே, 1653-54 வாக்கில், கொள்ளைக்கூட்டம் பதுங்குகிறது என்று அரசாணையால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மற்றவை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டன.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பேருந்து மிகக் குறைவு. கார்கசோனிலோ பெர்பின்யானிலோ வாடகைக் கார் எடுப்பதுதான் வழி. கெரிபூஸுக்கும் பேர்பெர்த்தூஸுக்கும் நடுவில் கூகூன்யான் கிராமம். அங்கே தங்கினால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். செருப்பு உதவாது, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். மேலே குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், கையில் எடுத்துப் போங்கள். வடமேற்கிலிருந்து அடிக்கும் திராமோந்தான் காற்று ஆளைத் தள்ளும். பலமாக அடித்தாலோ இடி இடித்தாலோ கோட்டையை மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. கோடையில் காட்டுத்தீ அபாயமும் உண்டு. 2025 ஆகஸ்டில் இதே கொர்பியேரில் சுமார் 16,000 ஹெக்டேர் தீக்கிரையானது. ஆகவே ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் காலையிலேயே கோட்டை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மே மாதமோ செப்டம்பரோ என்றால் இந்தத் தொல்லையெல்லாம் குறைவு. இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் முதல் நாள் காலை தெர்ம், மாலை புய்லோரான்ஸ். மறுநாள் பேர்பெர்த்தூஸை முதலில் முடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கெரிபூஸ். மோன்செகூருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். நன்றி, வணக்கம்.