ஒரே ஈற்றில் நாலு குணம்

அவையோர்க்கு வணக்கம்.

பூனை வளர்க்கிறவர்கள் கூடுகிற இடமெல்லாம் ஒரு கேள்வி வரும். ஒரே தாய் போட்ட குட்டிகள்தானே, ஒன்று வருகிறவர் மடியிலெல்லாம் ஏறுகிறது, இன்னொன்று காலிங்பெல் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் ஓடுகிறதே, ஏன்?

விடையில் ஒரு பங்கு தகப்பனிடம் இருக்கிறது. பெட்டை ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருக்கலாம். கடுவன் குட்டிகளை வளர்ப்பதில்லை. ஆனாலும் அதன் குணம் இறங்குகிறது. ஆளோடு ஒட்டும் கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புது ஆளையும் புதுப் பொருளையும் அஞ்சாமல் நெருங்குவதை 1995-இல் சாண்ட்ரா மெக்கூனின் ஆய்வு காட்டியது.

அடுத்த பங்கு நம் கையில். பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் குட்டிக்கு மனிதக் கை பழகிவிட வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் தூக்கிக் கொஞ்சுங்கள். ஒருவர் மட்டும் போதாது, வீட்டில் நாலு பேரும் தூக்க வேண்டும். அந்த வாரங்கள் விறகுக் குவியலில் ஒளிந்து கழிந்துவிட்டால், பிறகு எத்தனை மீன் போட்டாலும் அது மடியில் ஏறுவது கடினம். அதற்காகத் தாயைவிட்டுச் சீக்கிரம் பிரிக்கவும் கூடாது. 8 வாரமாவது கூட இருக்கட்டும். கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப் பிறந்தவைதான் கற்றுக்கொடுக்கும்.

கூச்சப் பூனையை இழுத்து மடியில் வைக்காதீர்கள். ஓர் அட்டைப்பெட்டி கொடுங்கள். நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி வைத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவைக்குப் பதற்றம் சீக்கிரம் தணிந்தது என்று 2014-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. வீட்டில் இரண்டு பூனை என்றால் பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒன்று வாசலை மறித்தால் மற்றது வெளியேற வழி வேண்டும்.

ஒட்டும் பூனையும் தடவத் தடவத் திடீரென்று கடிக்கும். உண்மையில் அது திடீரென்று அல்ல. வால் நுனி வெட்டும், முதுகுத் தோல் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும். அப்போதே கையை எடுத்துவிடுங்கள். கன்னம், தாடை, காதடி, இவை போதும். வயிற்றைக் காட்டிப் படுத்தால் உங்களை நம்புகிறது என்றுதான் பொருள், தொடச் சொல்லவில்லை.

குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் சில பூனைகள் மோந்து, முகம் தேய்த்து, புரண்டு சொக்கிப்போகும். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. மோந்து பார்க்கட்டும், தின்ன விடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் பூனை திரும்பியே பார்க்காவிட்டால் அதற்கு நோய் என்று நினைக்க வேண்டாம். பூனைகளைச் சொக்கவைக்கும் கேட்னிப் என்ற செடியிலும் அப்படித்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பூனைக்கு அதன் வாசம் எதுவும் செய்வதில்லை, அது பிறவிக் கூறு.

இனி, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம். ஆண்டுக்கணக்கில் ஒரே பாயில் படுத்த இரண்டு பூனைகள். ஒன்றைக் கருத்தடைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால் மற்றது சீறிப் பாய்கிறது. பொறாமை என்கிறோம். அது பொறாமையே இல்லை. பூனை கூட்டாளியை அறிவது பெரும்பாலும் வாசத்தால். ஒன்றையொன்று உரசி உரசிப் பொதுவான வீட்டு வாசம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கின்றன. மருத்துவமனையின் ஸ்பிரிட்டும் அந்நிய விலங்குகளின் வாடையும் அதை மூடிவிடுகின்றன. வந்து நிற்பது யாரோ.

சமாதானம் செய்கிறேன் என்று இரண்டையும் முகத்துக்கு முகம் நிறுத்துவதுதான் பெரிய தவறு. திரும்பி வந்ததைத் தண்ணீர், மணல் தட்டோடு தனி அறையில் ஒரு நாளாவது விடுங்கள். சுத்தமான துணியால் ஒன்றின் கன்னத்தைத் துடைத்து மற்றதன் சாப்பாட்டுத் தட்டுக்கடியில் போடுங்கள், எதிர்த்திசையிலும் அப்படியே. மூடிய கதவின் இருபுறமும் சோறு வையுங்கள், வேளைக்கு வேளை தட்டைக் கதவருகே நகர்த்துங்கள். சீறல் நின்ற பிறகு கதவைக் கொஞ்சம் திறக்கலாம். அவசரப்பட்டு ஒரு சண்டை நடந்துவிட்டால் பழைய உறவு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். சண்டையில் கையை விடவே கூடாது. அட்டையோ தலையணையோ நடுவில் செருகுங்கள்.

ஒவ்வொன்றின் வழக்கத்தையும் கவனித்து வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூனை வலியைக் காட்டாது, வழக்கத்தைத்தான் மாற்றும். அலமாரி உச்சியில் தூங்கியது தரையில் படுத்தால் மூட்டு வலியாக இருக்கலாம். குண்டுப் பூனை இரண்டு நாள் சாப்பிடாமலிருந்தால் ஈரல் கெடும். கடுவன் மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் குழாய் அடைத்திருக்கிறது. இரவானாலும் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று அவர் கேட்பார். போகும் முன் வலிக்காக வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.