இரவல் சேலையும் எங்கள் தோட்டத்துத் தாய்மாரும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையையும் மண்சரிவையும் பொருட்படுத்தாமல் அட்டன்வரை வந்திருக்கும் சுகாதார அமைச்சின் பிரதிநிதி அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, அருட்தந்தை அவர்களே, பொன்னாடை போர்த்திய மாதர் சங்கச் செயலாளர் அவர்களே, அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, மலையிறங்கி வந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். குடும்பத் திட்டமிடல் குறித்து, அமெரிக்கப் பணம், சுவீடன் பணம், ஆண்களின் பொறுப்பு என மூன்று விடயங்களைப் பேச வந்திருக்கிறேன்.

‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்பார் என் பாட்டி. வறிய நாடுகளின் குடும்பத் திட்டமிடலுக்கு ஐக்கிய அமெரிக்கா பல ஆண்டுகளாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 கோடி டொலர் ஒதுக்கிவந்தது. அப்பணத்தைப் பெறும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம், வேறு எவருடைய பணத்தைக் கொண்டும்கூடக் கருக்கலைப்பைக் குடும்பத் திட்டமிடல் முறையாகச் செய்யவோ ஆதரிக்கவோ கூடாதென்று 1984இல் ரீகன் அரசு நிபந்தனை விதித்தது. அதை 1993இல் கிளின்டன் நீக்கினார். 2001இல் புஷ் மீண்டும் விதித்தார். 2009இல் ஒபாமா நீக்கினார். 2017இல் டிரம்ப் விதிக்க, 2021இல் பைடன் நீக்க, 2025இல் டிரம்பே திரும்பவும் விதித்தார். அதே ஆண்டில், பெல்ஜியக் கிடங்கொன்றில் இருந்த 97 இலட்சம் டொலர் பெறுமதியான கருத்தடைச் சாதனங்களை எரித்துவிட முடிவு செய்திருப்பதாக அந்த அரசே ஒப்புக்கொண்டது. சேலையைத் திருப்பிக் கேட்டாலாவது பொறுத்துக்கொள்ளலாம். கொளுத்துவேன் என்றால் என்ன செய்வது?

சுவீடன் 1958இல் இலங்கைக்கு வழங்கிய உதவிதான், குடும்பத் திட்டமிடலுக்கென ஓர் அரசு இன்னோர் அரசுக்கு முதன்முதலில் அளித்த உதவியாகச் சொல்லப்படுகிறது. அதன் முன்னோடித் திட்டத்துக்குத் தெரிவான இரண்டு இடங்களில் ஒன்று பண்டாரகம. மற்றொன்று நம்முடைய மலையகத்து டயகம தேயிலைத் தோட்டம். அந்தப் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு மாத்திரை அட்டை நினைவுக்கு வந்துவிடும்.

நான் குடும்ப நல உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று பிள்ளைகளின் தாயொருவர் மீண்டும் கருவுற்று வந்தார். அவருடைய அட்டையில் இருபத்தொரு வெள்ளைக் கருத்தடை மாத்திரைகளும் ஏழு கபில நிற இரும்புச்சத்து மாத்திரைகளும் இருந்திருக்கின்றன. கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சிங்களம் தெரியாது. தேயிலைச் சாயம்போல் இருந்த கபில மாத்திரைதான் மருந்தென்று எண்ணி அதை மட்டும் விழுங்கியவர், வெள்ளையைத் தலைவலிக்கென்று முந்தானையில் முடிந்துவைத்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுவதும் பகிர்ந்திருக்கிறார். காவல்காரருக்குக்கூட ஒன்று போயிருக்கிறது! நான் தலையில் கைவைத்ததைப் பார்த்து அவர் சொன்னார்: “மிஸ்ஸி, அத்தைக்கும் ரெண்டு கொடுத்தேன். அவங்களுக்குப் புள்ள உண்டாகலையே, மாத்திரை நல்ல மாத்திரைதானே?” அத்தைக்கு அப்போது அறுபது வயது.

நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் அன்று சிரித்தேன். நான்காவது பிள்ளையைப் பெற்றவர் அவர்தான். கோடி டொலர் கடல்தாண்டி வந்தாலும், லயத்து வாசலில் நின்று தமிழில் விளக்க ஓர் உத்தியோகத்தர் இல்லையென்றால் அது முந்தானை முடிச்சோடு நின்றுவிடும். அந்த உத்தியோகத்தரின் சம்பளம் நம் அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வரவேண்டும். அதுதான் நம் இடுப்புக் கந்தை. கந்தையானாலும் வாஷிங்டனில் எவரும் அதை உருவ முடியாது.

தலைவர் மணியைத் தட்டிவிட்டார். ஆண்களின் பொறுப்பு வழக்கம்போல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகிறது. தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தர்களைத் தோட்டந்தோறும் நியமிக்கக் கோரும் மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கைநாட்டுக்கு மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். அமைச்சின் பிரதிநிதி அவர்கள் அதைக் கையோடு கொண்டுசெல்ல இசைந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.