பட்ட பாட்டுக்குப் பொருள் தருவது விசுவாசமே!

நடுவர் அவர்களே, பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று வந்து மணலில் உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

துன்பத்துக்குப் பொருள் தருவது மனஉறுதியா, ஆண்டவர்மேல் வைக்கிற விசுவாசமா? இதுதான் தலைப்பு. முன்னால் பேசிய தம்பி மனஉறுதிக்காக வெளுத்து வாங்கினார். நானும் கைதட்டினேன். நல்லா பேசினா தட்டத்தானே வேணும்!

தம்பி ஒரு கேள்வி கேட்டார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குள் கடல் ஏறியது, பாம்பனிலிருந்து போன ரயில் ஆட்களோடு போனது, அதில் என்ன தேவ நோக்கத்தைக் கண்டீர்கள் என்றார். ஒரு நோக்கத்தையும் காணவில்லை, தம்பி. இயேசுவும் காணச் சொல்லவில்லை. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் சொன்னார். இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஆண்டவர் ஒரு திட்டத்தோடதான் எடுத்திருக்கார்" என்று பேசுகிறார்களே, அவர்கள் எங்கள் அணி இல்லை. வேண்டுமானால் தம்பி அணிக்கே தந்துவிடுகிறேன். பைபிளில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்து விளக்கம் சொன்னதும் கெட்டது காரியம்.

விசுவாசத்துக்காக 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்த புனிதர் அருளானந்தரையும் (ஜான் டி பிரிட்டோ) நான் இழுக்கப்போவதில்லை. வதைத்து விரட்டிய பிறகும் தெரிந்தே திரும்பி வந்தவர் அவர். நான் பேசுவது, கேட்காமல் வந்து வாசலில் நிற்கிற துன்பத்தை.

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா. கடலுக்குப் போன வத்தை, அதாவது படகு, திரும்பி வந்தது, புருஷன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அதுவரை எந்த ஜன்னலில் நின்றாலும், "இறப்புச் சான்றிதழ் எங்கம்மா?" நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு போகும். இவருக்கு ஏற்றி வைக்க ஒரு குழி கிடையாது. ரொம்ப நாள் பூசைக்கு வருவார், கடைசி தூணில் சாய்ந்து நிற்பார், பூசையில் தரும் அப்பமான நற்கருணையை மட்டும் வாங்க மாட்டார். சாமியாரும் கேட்கவில்லை. அது அந்தச் சாமியாரின் பெரிய குணம்.

இன்றைக்கு எந்த வீட்டு ஆள் கரை திரும்பாவிட்டாலும், எல்லை தாண்டினதாகப் பிடித்து இலங்கைப் பக்கம் கொண்டுபோனாலும், மஞ்சப்பையோடு முதலில் போய் நிற்பது அந்த அக்காதான். பையில் ஆதார் நகல், போலீஸ் ரசீது, மீனவர் அட்டை. எந்த ஆபீசில் எதைக் கேட்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஏன்க்கா இவ்வளவு அலைச்சல் என்றேன். "நான் பட்டது அந்தப் புள்ளைக்கு வேணாம்மா. அவருக்கு நான் வைக்கிற பூசை இதுதான்" என்றார்.

இது மனிதாபிமானம், இதுக்கு எதுக்கு விசுவாசம் என்பீர்கள். சாமி கும்பிடாதவர் உதவமாட்டாரா? தாராளமாக உதவுவார், எனக்கு மறுப்பில்லை. ஆனால் மனஉறுதி ஒருவரைத் தன் காலில் நிற்கவைக்கும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தைத் தொடங்கும்போதே அப்போஸ்தலர் பவுல் வேறு ஒன்று சொல்கிறார்: நமக்கு ஆறுதல் கிடைப்பதே, துன்பத்தில் கிடக்கும் அடுத்தவருக்கு அதைக் கொடுக்கத்தான். இத்தனைக்கும் அவர் உடம்பில் தைத்த முள், மூன்று தடவை மன்றாடியும் எடுபடவில்லை. புயலுக்கு நோக்கம் இருந்தது என்று விசுவாசம் சொல்லவில்லை, தம்பி. புயலுக்குப் பிறகு மிச்சமிருக்கிற நாட்களுக்கு ஒரு வேலை தருகிறது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கேள்வி. சிலுவையில் தொங்கியவரே "என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கத்தினார். அப்படிக் கத்த அவருக்கு ஒரு ஆள் இருந்தார். அந்த அக்கா நற்கருணை வாங்காமல் தூணோரம் நின்றாரே, அத்தனை நாளும் யாரோடு கோபித்துக்கொண்டு நின்றார்? மனஉறுதியோடா? அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சி இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே.